மொபைல் டேட்டா, பொது வைஃபை: புதிதாக ஸ்மார்ட்போன் வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டில் யார் புது போன் வாங்கினாலும், "இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்" என்று கடைசியில் என் கைக்குத்தான் வரும். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பெரும்பாலும் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்திருக்கிறேன்.

மொபைல் டேட்டா, வைஃபை இரண்டும் இன்டர்நெட்தானே? எதற்கு இரண்டு பெயர்?

போய்ச் சேரும் இடம் ஒன்று, வழிதான் வேறு. மொபைல் டேட்டா உங்கள் சிம் வழியாக, நிறுவனத்தின் டவருக்குப் போகிறது. எவ்வளவு போனது என்று கணக்கு வைத்து உங்கள் பிளானில் கழிப்பார்கள். வைஃபை என்பது அருகில் உள்ள ஒரு சிறு பெட்டியோடு, அதாவது ரவுட்டரோடு, உங்கள் போன் பேசுவது. அந்தப் பெட்டிக்குப் பின்னால் வேறு யாரோ எடுத்துவைத்த இணைப்பு இருக்கும். சிம் இல்லாத போனிலும் வைஃபை வேலை செய்யும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மொபைல் டேட்டாவில் உங்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவே இருப்பது உங்கள் சிம் நிறுவனம். வைஃபையில் நடுவே இருப்பது அந்தப் பெட்டியை வைத்தவர். அவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? பாதுகாப்புப் பேச்சு முழுவதும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

திரையின் மேலே சில சமயம் 4ஜி, சில சமயம் எச், ஈ என்றெல்லாம் வருகிறதே?

டவரோடு எந்தத் தலைமுறைத் தொழில்நுட்பத்தில் போன் பேசுகிறது என்று காட்டுகிறது. ஈ என்றால் பழைய 2ஜி, எச் என்றால் 3ஜி. ஈ வந்தால் வீடியோவை மறந்துவிடுங்கள், எழுத்துச் செய்தி போனாலே பெரிது.

ஒரு ஜிபி என்றால் எவ்வளவு? எனக்குக் கை அளவில் சொல்லுங்கள்.

ஒரு ஜிபி என்பது சுமார் 1000 எம்பி. எழுத்துச் செய்திகளை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் அதைத் தீர்க்கவே முடியாது. சாதாரணத் தரத்தில், அதாவது நொடிக்கு 128 கிலோபிட் அளவில், பாட்டு கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 58 எம்பி ஆகும். அப்படியென்றால் ஒரு ஜிபியில் 17 மணி நேரம் பாட்டு ஓடும்.

வீடியோ அப்படியில்லை. நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரையும், எச்டி தரத்தில் 3 ஜிபி வரையும் போகும். உள்ளங்கை அளவுத் திரையில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆகவே வீடியோ ஆப்பின் அமைப்புகளுக்குள் போய், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது 480பி, அதாவது சாதாரணத் தரம், போதும் என்று வைத்துவிடுங்கள். டேட்டா மிச்சம் பிடிக்க நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அப்புறம், விளம்பரத்தில் 40 எம்பிபிஎஸ் வேகம் என்று போட்டிருந்தால் நொடிக்கு 40 எம்பி இறங்கும் என்று எண்ண வேண்டாம். வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், கோப்பின் அளவை பைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக நொடிக்கு 5 எம்பிதான்.

நான் ஒன்றுமே பார்க்கவில்லை. காலையிலேயே டேட்டா தீர்ந்துவிட்டது. எப்படி?

என்னிடம் அதிகம் வரும் புகார் இதுதான். "யாரோ திருடுகிறார்கள்" என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். என் பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார். போனை வாங்கி, அமைப்புகளுக்குள் டேட்டா உபயோகம் என்ற பக்கத்தைத் திறந்தோம். எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியிருந்தது. முதலிடத்தில் வாட்ஸ்அப். "நான் ராத்திரி 9 மணிக்கே தூங்கிவிட்டேனே!" என்றார். தூங்கியது அவர்தான், அவர் இருந்த 6 குழுக்கள் தூங்கவில்லை. வீடியோ, ஆடியோ, ஆவணம் எல்லாம் மொபைல் டேட்டாவிலேயே தானாக இறங்கும்படி எப்போதோ யாரோ டிக் போட்டு வைத்திருந்தார்கள். விடிய விடிய வாழ்த்து வீடியோக்கள் இறங்கியிருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் திறக்கவில்லை.

வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகம், டேட்டா பற்றிய பகுதிக்குள் போனால் தானாகப் பதிவிறக்கும் விஷயம் இருக்கும். மொபைல் டேட்டாவுக்கு எதிரே இருந்த எல்லா டிக்கையும் எடுத்தோம். மறுநாள் புகார் இல்லை.

இதே மாதிரி சத்தமில்லாமல் குடிப்பவை இன்னும் சில உண்டு. எடுத்த போட்டோக்களையும் வீடியோக்களையும் கிளவுடுக்கு ஏற்றும் ஆப், தானாக அப்டேட் ஆகும் மற்ற ஆப்கள், விரல் வைத்ததுமே ஓடத் தொடங்கும் குறு வீடியோக்கள். முதல் இரண்டையும் 'வைஃபையில் மட்டும்' என்று மாற்றலாம். மூன்றாவதற்கு நீங்கள்தான் மனசு வைக்க வேண்டும்.

மெனுவின் பெயர்கள் போனுக்குப் போன் மாறும். தேடித் திணற வேண்டாம். அமைப்புகளைத் திறந்ததும் மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கும், அதில் டேட்டா என்று அடித்தால் கொண்டுபோய் விடும்.

டேட்டா சேமிப்பான் என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

நல்லதுதான். ஆண்ட்ராய்டில் 2016 முதல் இருக்கிறது. ஐபோனில் 2019 முதல் குறைந்த டேட்டா முறை என்ற பெயரில் வருகிறது. நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஆப்பை விட்டு, பின்னணியில் ஓடும் மற்றவற்றின் வாயைக் கட்டும். சில செய்திகள் தாமதமாக வரலாம். ஆண்ட்ராய்டு என்றால் அவசரச் செய்தி வரும் ஆப்பை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வைஃபையில் இருக்கும்போதே மொபைல் டேட்டா குறைகிறது. இது என்ன கணக்கு?

வைஃபை சமிக்ஞை பலவீனமாக இருந்தால் போன் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். உங்களுக்கு உதவுவதாக அதன் நினைப்பு. ஐபோனில் வைஃபை அசிஸ்ட் என்றும், பல ஆண்ட்ராய்டு போன்களில் வேறு வேறு பெயர்களிலும் இருக்கிறது. வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். பெரிய கோப்பு எதையாவது இறக்கும்போது மொபைல் டேட்டாவைக் கொஞ்ச நேரம் அணைத்து வைப்பது இன்னும் எளிது.

ஜிபிஎஸ் போட்டால் டேட்டா போகுமா?

ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களின் குரலைப் போன் கேட்பது மட்டும்தான், அதற்கு டேட்டா தேவையில்லை. வரைபடத்தின் படங்கள் இறங்குவதற்குத்தான் டேட்டா. கிளம்பும் முன் வைஃபையில் அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால் வழியில் கவலையில்லை.

சரி, பொது வைஃபையைப் பயன்படுத்தலாமா, கூடாதா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே.

பயன்படுத்தலாம். 'தொட்டாலே போச்சு' என்ற பயம் பழைய காலத்துக்குச் சரியாக இருந்தது.

2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்ற நிரலாளர் ஃபயர்ஷீப் என்ற சிறிய கருவியை வெளியிட்டார். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் அதைச் சேர்த்துக்கொண்டு, பாஸ்வேர்டு இல்லாத வைஃபை இருக்கும் இடத்தில் உட்கார்ந்தால், அதே வைஃபையில் பேஸ்புக், ட்விட்டர் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஒரு பெயரைத் தட்டினால் அவர் கணக்குக்குள்ளேயே போய்விடலாம். பாஸ்வேர்டே தேவையில்லை. நீங்கள் உள்ளே நுழைந்ததும் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு அடையாளச் சீட்டு கொடுக்கும், குக்கீ என்பார்கள். அந்தச் சீட்டு உறை போடாத தபால் அட்டை போலக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதைப் படியெடுத்தால் போதும். இந்த ஓட்டையைப் பெரிய தளங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கின்றன என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார்.

காட்டியது வீண்போகவில்லை. எல்லாவற்றுக்கும் உறை போடும் முறையான எச்டிடிபிஎஸ் அதற்குப் பிறகு வேகமாகப் பரவியது. 2013இல் பேஸ்புக் அதை எல்லோருக்கும் இயல்பாகவே ஆக்கியது. 2016இல் வாட்ஸ்அப் செய்திகள் இரு முனையிலும் பூட்டப்பட்டவை ஆயின. இன்று நீங்கள் அன்றாடம் போகும் தளங்களும் ஆப்களும் அநேகமாக இப்படித்தான். பக்கத்து நாற்காலிக்காரர் காற்றில் பிடித்தாலும் அவர் கையில் சிக்குவது புரியாத எண்கள்தான். வைஃபை வைத்தவருக்கு, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்பது தெரியலாம். அங்கே என்ன படித்தீர்கள், என்ன அடித்தீர்கள் என்பது தெரியாது.

அதனால் திருடர்களும் வழியை மாற்றிக்கொண்டார்கள். உறையைப் பிரிக்க முடியவில்லை, ஆகவே உங்களையே பிரித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். இன்று பொது வைஃபையில் பார்க்க வேண்டியது, திரை உங்களிடம் என்ன கேட்கிறது, நீங்கள் என்ன அடிக்கிறீர்கள் என்பதைத்தான். கீழே வரும் கேள்விகள் பலவும் இதைச் சுற்றித்தான்.

முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்தால் நல்ல தளம்தானே?

இல்லை. வழியில் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்று மட்டும்தான் அந்தப் பூட்டு சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. போலி வங்கித் தளமும் இலவசமாகவே அந்தப் பூட்டை வாங்கிவிடலாம். மக்கள் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லித்தான் 2023இல் கூகுள் குரோமிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்தது. பூட்டைவிட முகவரியில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

பாஸ்வேர்டு கேட்கும் வைஃபை என்றால் பயமில்லைதானே?

சுவரில் எழுதி ஒட்டிய பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்த பாஸ்வேர்டு. வெளியிலிருந்து கேட்பவருக்கு அது தடைதான். ஆனால் இன்னும் பல இடங்களில் ஓடும், வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 என்ற முறையில், அதே பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் முயன்றால், நீங்கள் இணையும் கணத்தைப் பிடித்து உங்கள் போக்குவரத்தைப் பிரிக்க முடியும். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 இதைச் சரிசெய்தது. எப்படியும் உள்ளே எச்டிடிபிஎஸ் உறை இருப்பதால் பதற வேண்டாம்.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு வைஃபை தெரிகிறது. எது அசல்?

வைஃபைக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம். என் போனின் ஹாட்ஸ்பாட்டுக்கு, அதாவது போனே மற்றவர்களுக்குக் கொடுக்கும் வைஃபைக்கு, "ஏர்போர்ட் ஃப்ரீ வைஃபை" என்று பெயர் வைக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. பெரிய இடங்களில் ஒரே பெயரில் பல பெட்டிகள் இருப்பதும் சகஜம், ஆகவே பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே வேலை செய்பவரிடம் பெயரைக் கேட்டு, எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

இது ஏட்டில் மட்டும் உள்ள ஆபத்து இல்லை. 2024இல் ஆஸ்திரேலியப் போலீஸ் ஒருவர் மீது வழக்குப் போட்டது. பெர்த், மெல்போர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் உள்நாட்டு விமானங்களிலும், கையடக்கக் கருவி ஒன்றை வைத்து அங்குள்ள வைஃபையின் பெயரிலேயே போலி வைஃபை நடத்தினார் என்பது குற்றச்சாட்டு. இணைந்தவர்களுக்கு ஒரு பக்கம் திறக்கும். மின்னஞ்சல் அல்லது சமூக வலைதளக் கணக்கால் உள்ளே வாருங்கள் என்று கேட்கும். அடித்தவை எல்லாம் அவர் கருவியில் சேர்ந்தன. அவர் எந்த உறையையும் பிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கேட்டார், கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் உண்மையான வைஃபையும் எண், ஓடிபி எல்லாம் கேட்கிறதே? எதைக் கொடுப்பது?

போன் எண்ணைக் கேட்டு ஓடிபி அனுப்புவது பல இடங்களில் வழக்கம்தான். அதில் தவறில்லை. ஆனால் ஓடிபி வந்ததும் எண்களை மட்டும் பார்த்து அடிக்காதீர்கள், செய்தி முழுவதையும் படியுங்கள். எதற்கான ஓடிபி என்று அதிலேயே எழுதியிருக்கும். வைஃபைக்கு என்று இருந்தால் சரி. 'வாட்ஸ்அப் குறியீடு, யாரிடமும் பகிராதீர்கள்' என்று இருந்தால், அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் எண்ணை வைத்து வேறொரு போனில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கப் பார்க்கிறார். அந்த 6 இலக்கத்தை அடித்த மறுகணம் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும்.

மின்னஞ்சலின் பாஸ்வேர்டு, கார்டு எண், கார்டின் பின்பக்க 3 இலக்கம், வங்கிப் பின் எண், ஒரு ஆப்பையோ சான்றிதழையோ போனில் நிறுவச் சொல்வது: இவற்றில் ஒன்றைக் கேட்டாலும் இணைப்பைத் துண்டித்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடுங்கள். இலவச வைஃபைக்கு இவை எதுவும் தேவையே இல்லை.

'உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல' என்று சிவப்பாக ஒரு பக்கம் வந்தது. தொடர் என்று தட்டலாமா?

பொது வைஃபையில் தட்டவே தட்டாதீர்கள். தளம் காட்டும் அடையாள அட்டை பொருந்தவில்லை என்று பிரவுசர் கத்துகிறது. நடுவில் ஒருவர் நிற்கும்போது வரும் எச்சரிக்கை இது. சாதாரணக் காரணங்களும் உண்டு. வைஃபையின் நுழைவுப் பக்கத்தை முடிக்காமல் வேறு தளத்தைத் திறந்தால் வரும். போனின் தேதி தப்பாக இருந்தாலும் வரும். ஒருமுறை அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான், கையில் இருந்த பழைய போனின் தேதி பல வருடம் பின்னால் நிற்பதைக் கவனித்தேன். தேதியைச் சரிசெய்ததும் எச்சரிக்கை போய்விட்டது.

வங்கி ஆப்பைப் பொது வைஃபையில் திறக்கலாமா?

ஆப்பே தன் பங்குக்கு எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்புகிறது. இருந்தாலும் பணம் அனுப்ப ஆகும் டேட்டா மிகக் குறைவு. அதற்குப் போய் ஏன் யாரோ ஒருவரின் வைஃபை? வைஃபையை அணைத்து, அனுப்பி, மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். தோளுக்குப் பின்னால் நின்று உங்கள் பின் எண்ணைப் பார்ப்பவரை எந்த எச்டிடிபிஎஸ்ஸும் தடுக்காது, அதையும் பாருங்கள்.

விபிஎன் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமாமே?

விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்தை ஒரு குழாய்க்குள் விட்டு வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்புவது. வைஃபைக்காரரால் பார்க்க முடியாது, சரி. ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். அவர்கள் யார்? இலவசமாக ஏன் தருகிறார்கள்? ஒனாவோ என்ற இலவச விபிஎன்னை 2013இல் பேஸ்புக் வாங்கியது. மக்கள் எந்தெந்த ஆப்களை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகத் தகவல் சேர்த்தது. 2018இல் அது ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேற வேண்டியிருந்தது. பெயரே கேள்விப்படாத இலவச விபிஎன்னைவிட, ஒன்றும் போடாமல் கவனமாக இருப்பதே மேல் என்பது என் கட்சி. போலிப் பக்கத்தில் நீங்களே பாஸ்வேர்டை அடித்தால் எந்த விபிஎன்னும் காப்பாற்றாது.

என் ஹாட்ஸ்பாட்டை நண்பருக்குக் கொடுக்கலாமா?

கொடுங்கள், பாஸ்வேர்டோடு. லேப்டாப் என்றால் ஒரு வார்த்தை: அதற்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் ஒரு வைஃபைதான். 'ஆஹா, வைஃபை வந்துவிட்டது' என்று கிடப்பில் கிடந்த அப்டேட்டை எல்லாம் இறக்கத் தொடங்கிவிடும். லேப்டாப்பில் அந்த இணைப்பை அளவுக்குட்பட்டது என்று குறிக்க வழி உண்டு, முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

வைஃபையை எப்போதும் ஆனிலேயே வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் பழைய பொது வைஃபைகளின் பெயர்களைச் சேமித்த பட்டியலிலிருந்து நீக்குங்கள். பாஸ்வேர்டு இல்லாத வைஃபையைப் போன் பெயரை வைத்துத்தான் அடையாளம் காணும். அதே பெயரில் வேறொருவர் வைஃபை வைத்தால், சட்டைப்பைக்குள் இருக்கும்போதே உங்களைக் கேட்காமல் போய் ஒட்டிக்கொள்ளும். தானாக இணை என்பதையாவது அணைத்துவிடுங்கள்.

பொது இடத்தில் யூஎஸ்பி துளையில் சார்ஜ் போடலாமா?

உங்கள் சார்ஜரையே நேராக மின்சாரப் பிளக்கில் போட்டால் கேள்வியே இல்லை. யூஎஸ்பி துளைதான் இருக்கிறது என்றால், டேட்டா பரிமாற்றத்தை அனுமதிக்கவா என்று போன் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐயோ, ஒரு பக்கத்தில் பாஸ்வேர்டை அடித்துவிட்டேன், இப்போதுதான் சந்தேகம் வருகிறது. என்ன செய்வது?

முதலில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு வாருங்கள். எந்தக் கணக்கின் பாஸ்வேர்டோ அதை உடனே மாற்றுங்கள். அதன் அமைப்புகளில் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்று இருக்கும், அதையும் தட்டுங்கள். இல்லாவிட்டால் பழைய அடையாளச் சீட்டோடு திருடர் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்ற வேண்டும். மின்னஞ்சல் என்றால் அதுதான் முதல் வேலை, மற்றக் கணக்குகளின் சாவி எல்லாம் அதற்குத்தான் வரும்.

கார்டு விவரம் என்றால் கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணுக்கு அழைத்து முடக்கச் சொல்லுங்கள். இணையத்தில் தேடிக் கிடைத்த உதவி எண்ணை நம்ப வேண்டாம், அதிலும் போலி உண்டு.

வாட்ஸ்அப் கைமாறியிருந்தால், உங்கள் போனில் உங்கள் எண்ணை வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். வரும் 6 இலக்கக் குறியீட்டை நீங்கள் அடித்ததுமே அவர் வெளியே தள்ளப்படுவார். அதற்குள் அவர் இரட்டைச் சரிபார்ப்புப் பின் எண் ஒன்றை வைத்துவிட்டால், அது உங்களுக்குத் தெரியாது என்பதால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். அந்த 7 நாளில் உங்கள் பெயரில் யார் பணம் கேட்டாலும் தர வேண்டாம் என்று தெரிந்தவர்களுக்கு நேரடியாகப் போன் போட்டே சொல்லிவிடுங்கள்.